ஒரு ராக் சிங்கிளோட சார்ட் ஹிஸ்டரிய எப்படி படிக்கறது: குயீனோட பொஹீமியன் ராப்சடிய வச்சு பாக்கலாம்

சார்ட்னா எந்த பாட்டு எவ்ளோ ஓடுதுன்னு வாராவாரம் போடற வரிசை லிஸ்ட். ஒரு பாட்டு பத்தி எழுதணும், வீடியோ போடணும், இல்ல குயிஸ்க்கு கேள்வி ரெடி பண்ணணும்னா நம்ம ஆளுங்க பண்றது ஒன்னுதான். தேடி, முதல்ல கண்ல படற நம்பர எடுத்து ஒட்டிட்டு "நம்பர் 1 ஹிட்"னு போட்டு போயிட்டே இருப்பாங்க. அந்த நம்பர் எந்த நாட்டு சார்ட், எந்த வாரம், எத எண்ணி போட்டது, மேல யாரு உக்காந்திருந்தா, இது எதுவும் தெரியாம எழுதினா பாதி தப்பா வரும், மீதி பாதி அர்த்தமில்லாம வரும். அதனால ஒரே ஒரு பாட்ட எடுத்து மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் போயிடலாம், இங்கிலாந்து ராக் பேண்ட் குயீனோட பொஹீமியன் ராப்சடி, ஏன்னா சார்ட்ல என்னென்ன கூத்து நடக்குமோ கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரு பாட்டுக்கு நடந்திருக்கு, நடுநடுல மத்த பேண்ட் கதையும் வரும்.

மொதல்ல அந்த சிங்கிள் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க

சிங்கிள்னா பக்கத்துக்கு ஒரு பாட்டோட தனியா விக்கற சின்ன தட்டு. சார்ட்ட தொடறதுக்கு முன்னாடி அந்த தட்ட பத்தின விவரத்த ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கணும். எப்ப வந்துச்சு, எந்த லேபிள் (வெளியிட்ட கம்பெனி), எந்த ஆல்பம், பின்பக்கம் என்ன பாட்டு. இங்க பாருங்க: இங்கிலாந்துல 1975 அக்டோபர் 31, லேபிள் ஈஎம்ஐ, பின்பக்கம் டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதின ஐம் இன் லவ் வித் மை கார். ஆல்பம் எ நைட் அட் தி ஓபரா மூணு வாரம் கழிச்சு நவம்பர் 21 தான் வருது. பாட்டு கிட்டத்தட்ட ஆறு நிமிஷம், 5:55. அந்த காலத்துல ரேடியோல மூணு நிமிஷம் தாண்டினாலே மூஞ்ச சுளிப்பாங்க, அதுக்கு நடுவுல இப்படி ஒன்னு. கேப்பிட்டல் ரேடியோல இருந்த கென்னி எவரெட் ஒரே வீக்கெண்ட்ல 14 தடவ போட்டார்னு சொல்லுவாங்க.

பின்பக்கம் எதுக்குன்னு கேக்கலாம். சார்ட் எண்ணறது பாட்ட இல்ல, வித்த தட்ட. ஒரு தட்டு வித்தா ரெண்டு பக்கமும் வித்த கணக்கு, ராயல்டியும் அப்படித்தான் போகும். குயீனோட பாடகர் ஃப்ரெடி மெர்குரியோட பாட்டுக்காக லட்சக்கணக்குல ஜனங்க கடைக்கு போனாங்க, பின்பக்கத்துல ஒரு கார் மேல காதல்னு பாடின ரோஜர் டெய்லருக்கும் அதே அளவு சிங்கிள் காசு. (பேண்டுக்குள்ள இத வச்சு கசப்பு இருந்துச்சுன்னு அவங்களே பின்னாடி பேசியிருக்காங்க, சரி அது வேற கதை.) பின்னாடி 1991 பத்தி வரும்போது இது திரும்ப தேவைப்படும், ஞாபகம் வச்சுக்கோங்க.

எந்த சார்ட்டுன்னு பாருங்க

இங்கதான் ரொம்ப பேர் வழுக்கி விழறாங்க. இங்கிலாந்துல ஒரே ஒரு சார்ட்தான் எப்பவும் இருந்துச்சுன்னு நினைக்காதீங்க. 1952 நவம்பர்ல நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகை கடைக்கடையா ஃபோன் போட்டு கேட்டு மொதல் சார்ட்ட போட்டுச்சு, அப்புறம் மெலடி மேக்கர், டிஸ்க், ரெக்கார்ட் ரீடெய்லர்னு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க லிஸ்ட்ட போட ஆரம்பிச்சாங்க. 1963ல பீட்டில்ஸோட ப்ளீஸ் ப்ளீஸ் மீ மத்த சார்ட்ல நம்பர் 1, ரெக்கார்ட் ரீடெய்லர்ல மட்டும் நம்பர் 2. இப்ப அஃபிஷியல் கணக்குன்னு எடுக்கறது 1960 மார்ச்லேர்ந்து ரெக்கார்ட் ரீடெய்லர் லிஸ்ட்ட, அதனால அந்த பாட்டுக்கு இன்னைக்கும் "நம்பர் 1" கிடையாது. 2000ல வந்த பீட்டில்ஸோட நம்பர் ஒன் தொகுப்புலயும் அதுக்கு இடமில்ல. அந்த வாரம் அத வாங்கின பசங்க கிட்ட போய் சொன்னா சிரிப்பாங்க.

1969 பிப்ரவரிலேர்ந்து இந்த குழப்பம் கொஞ்சம் தீருது. பிஎம்ஆர்பின்னு ஒரு ரிசர்ச் கம்பெனி, ரெக்கார்ட் கடைங்க கைப்பட எழுதி தபால்ல அனுப்பற விற்பனை டைரிய வச்சு சார்ட் போட ஆரம்பிச்சுது. குயீன் பாட்டு வந்த 1975ல இதுதான் முறை. நாடு முழுக்க இருக்கற எல்லா கடையும் இல்ல, ஒரு சில நூறு கடைங்கதான், அதுல எது எதுன்னு மோப்பம் புடிச்சு லேபிள்காரங்க ஆள் அனுப்பி அவங்க தட்ட அவங்களே வாங்கறதும் அந்த காலத்துல நடந்துச்சு. 1983லதான் கேலப்ங்கற இன்னொரு ரிசர்ச் கம்பெனி வந்து கம்ப்யூட்டர் போட்டு எண்ண ஆரம்பிக்குது. அதனால 70கள்ல ஒரு பாட்டு 23, இன்னொன்னு 26னு இருந்தா அத வச்சு பெருசா வாதாடாதீங்க, மேல பத்துக்குள்ள இருக்கற வித்தியாசத்துக்கு மட்டும் மதிப்பு குடுங்க, இது என்னோட கணக்கு.

சார்ட் எத்தன இடம் வரைக்கும் போச்சுன்னும் பாத்துக்கணும். 1975ல டாப் 50 தான். டாப் 75 ஆனது 1978ல. அதனால அந்த காலத்து பாட்டு ஒன்னு "சார்ட்லயே வரல"ன்னு படிச்சா அது 51ஆவது இடத்துல இருந்திருக்கலாம், நமக்கு தெரியவே தெரியாது.

ஏறின வழிய வாரம் வாரமா எழுதுங்க

உச்சி நம்பர விட ஏறின விதம்தான் கதை சொல்லும். பொஹீமியன் ராப்சடி: 47, 17, 9, அப்புறம் 1. நாலாவது வாரம் உச்சிக்கு போய் அங்கயே ஒன்பது வாரம் உக்காந்துடுச்சு, கிறிஸ்துமஸ் நம்பர் 1 (கிறிஸ்துமஸ் வாரத்துல உச்சில இருக்கற பாட்டு) உள்பட. 1976 ஜனவரி முடியறதுக்குள்ள பத்து லட்சம் காப்பிக்கு மேல வித்தாச்சு. கடைசில கீழ தள்ளினது அபாவோட மம்மா மியா, அந்த ரெண்டு வார்த்தையும் குயீன் பாட்டுக்குள்ளயே வருதுங்கறது உலகம் பூரா ஓடி தேஞ்சுபோன ஜோக், ஆனா நெஜம்.

இந்த 47லேர்ந்து ஏறறதுங்கற பழக்கம் 90கள்ல போயே போச்சு. அப்பல்லாம் பாட்ட முன்கூட்டியே ரேடியோல பல வாரம் ஓட்டி, ஃபேன்ஸ எல்லாம் சூடேத்தி வச்சு, திங்கக்கெழம கடைல இறக்கி, மொத வாரமே மேல வந்து ரெண்டாவது வாரம் சறுக்கும். அதனால 1996ல ஒரு பாட்டு மொத வாரமே நம்பர் 1னு இருந்தா அதுவும் 1975ல நாலு வாரம் ஏறி வந்த நம்பர் 1ம் ஒன்னு இல்ல.

தேதில ஒரு பெரிய சிக்கல் இருக்கு, பொறுமையா கேளுங்க. பழைய சார்ட்டுங்க "இந்த சனிக்கெழம முடியற வாரம்"னு தேதி போட்டிருக்கும். அஃபிஷியல் சார்ட்ஸ் வெப்சைட்ல அதே வாரத்த ஞாயித்துக்கெழம தேதில ஆரம்பிச்சு காட்டுவான். ஒரு எடத்துல 1975 நவம்பர் 23, இன்னொரு எடத்துல நவம்பர் 29னு இருந்தா ரெண்டும் ஒரே சார்ட்தான், சண்ட போட வேண்டாம். அதுக்கும் மேல ஒன்னு இருக்கு: அந்த காலத்துல சார்ட்ட செவ்வாக்கெழம ரேடியோல சொல்லுவாங்க, எண்ணின விற்பனை அதுக்கு முந்தின சனிக்கெழம வரைக்கும். அப்ப நவம்பர் 29 தேதி போட்ட சார்ட்ல இருக்கறது நவம்பர் 22 வரைக்கும் வித்தது.

இது எதுக்கு உதவும்னா இப்படி. எல்லாரும் சொல்ற கதை என்ன, எல்ஸ்ட்ரீல சில மணி நேரத்துல ப்ரூஸ் கவர்ஸ் எடுத்த அந்த வீடியோதான், இருட்டுல நாலு மூஞ்சி வர்றதுதான், பாட்ட நம்பர் 1 ஆக்கிச்சுன்னு. ஆனா பிபிசியோட டிவி பாட்டு நிகழ்ச்சி டாப் ஆஃப் தி பாப்ஸ்ல வீடியோ மொதல்ல வந்தது நவம்பர் 20, வியாழக்கெழம. விற்பனை கணக்கு முடிஞ்சது 22, சனிக்கெழம. நடுல இருந்தது ரெண்டே நாள். 47லேர்ந்து 9 வரைக்கும் வந்தது வீடியோ டிவில வர்றதுக்கு முன்னாடியே. அதனால வீடியோ உச்சிக்கு ஏத்திச்சுன்னு சொல்றத விட ஒன்பது வாரம் உச்சிலயே புடிச்சு வச்சுச்சுன்னு சொன்னா பொருத்தமா இருக்கும்னு எனக்கு படுது. தேதிய சரியா வச்சு பாத்தா இந்த மாதிரி நாமளே ஒன்னு சொல்ல முடியும், அடுத்தவன் எழுதினத காப்பி அடிக்க வேண்டியதில்ல.

மேல யாரு இருந்தான்னு கட்டாயம் பாருங்க

நம்பர் 2ங்கறது தனியா ஒன்னும் சொல்லாது. ஓயாசிஸோட வொண்டர்வால் 1995 அக்டோபர் 30 வந்துச்சு, இங்கிலாந்துல உச்சி நம்பர் 2 தான். மேல இருந்தது ராப்சன் அண்ட் ஜெரோம்னு ரெண்டு டிவி நடிகருங்க, பழைய பாட்ட திரும்ப பாடினவங்க. இன்னைக்கு கிட்டார் கத்துக்கறவன் எல்லாம் மொதல்ல வாசிக்கறது வொண்டர்வால், அந்த நம்பர் 1 பாட்டோட பேரு அந்த ஊரு ஆளுங்களுக்கே யோசிச்சுத்தான் வரும்.

இதுல நம்ம ஊர் சம்பந்தம் ஒன்னு உண்டு. 1967ல பீட்டில்ஸ், ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர், பென்னி லேன்னு ரெண்டு பாட்டையும் ஒரே தட்டுல ரெண்டு பக்கமும் முக்கிய பக்கமா போட்டு இறக்கினாங்க. நம்பர் 2. தடுத்தது ரிலீஸ் மீ, பாடினவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க், அவர் பொறந்தது 1936ல மெட்ராஸ்ல. பீட்டில்ஸ நம்பர் 1 ஆகவிடாம நிறுத்தின ஆள் மெட்ராஸ்ல பொறந்தவருங்கறத ஏன் யாரும் டீக்கடைல பேசறதில்லன்னு தெரியல.

செக்ஸ் பிஸ்டல்ஸ் 1977ல காட் சேவ் தி குயீன் போட்டப்ப பிபிசி தடை போட்டுச்சு, பெரிய கடைங்க சிலது விக்கவே மாட்டோம்னுச்சு, அப்பவும் நம்பர் 2 வந்துச்சு, ராட் ஸ்டீவர்ட் மேல இருந்தார். வேணும்னேதான் நம்பர் 1 தரலன்னு இன்னமும் சண்ட ஓடுது. அத எழுதினா "குற்றச்சாட்டு"ன்னு எழுதுங்க, முடிவு மாதிரி எழுதாதீங்க.

மறு ரிலீஸ தனியா எழுதுங்க, கலக்காதீங்க

ஃப்ரெடி மெர்குரி 1991 நவம்பர் 24 இறந்தார். டிசம்பர்ல பொஹீமியன் ராப்சடி திரும்ப வருது, இந்த தடவ தீஸ் ஆர் தி டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ் கூட சேத்து, ரெண்டுமே முக்கிய பாட்டுன்னு போட்டு, இதத்தான் டபுள் ஏ சைடுன்னு சொல்லுவாங்க. காசு எய்ட்ஸ் உதவி அமைப்பான டெரன்ஸ் ஹிக்கின்ஸ் டிரஸ்ட்டுக்கு. நேரா நம்பர் 1ல எறங்குச்சு, அஞ்சு வாரம் இருந்துச்சு, திரும்ப கிறிஸ்துமஸ் நம்பர் 1. அதே ரெக்கார்டிங் ரெண்டு தடவ கிறிஸ்துமஸ் நம்பர் 1 ஆனது அதுதான் மொத தடவ. "அது மட்டும்தான்"னு பழைய கட்டுரைங்கள்ல இருக்கும், அத அப்படியே எடுத்துடாதீங்க, வாம்மோட லாஸ்ட் கிறிஸ்துமஸ் 2023லயும் 2024லயும் அந்த எடத்த புடிச்சுடுச்சு.

இப்ப "மொத்தம் 14 வாரம் நம்பர் 1"னு எழுதறாங்கல்ல, 9ம் 5ம் கூட்டினா 14 சரிதான். ஆனா அந்த அஞ்சு வாரம் ரெண்டு பாட்டுக்கும் பொது. மேல தட்டு கணக்கு சொன்னேன்ல, அதான் இது. "1975-76ல 9 வாரம், 1991-92ல டபுள் ஏ சைடா 5 வாரம்"னு பிரிச்சு எழுதினா யாரும் குத்தம் சொல்ல முடியாது.

மறு ரிலீஸ பாக்காம விட்டா எப்படி ஏமாறுவோம்னா ரேடியோஹெட்டோட க்ரீப்ப பாருங்க. 1992ல மொதல்ல வந்தப்ப 78, அவ்ளோதான், பிபிசி ரேடியோ 1 கூட சோகமா இருக்குன்னு ஒதுக்கிடுச்சு. வெளிநாட்டுல ஓடினதுக்கு அப்புறம் 1993ல திரும்ப விட்டப்ப 7. தி க்ளாஷோட ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ 1982ல 17, 1991ல லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்துல வந்ததும் நம்பர் 1, அதுக்குள்ள பேண்டே கலஞ்சு போயிருந்துச்சு. "1982ல வந்த நம்பர் 1 ஹிட்"னு எழுதினா அது பொய்.

அமெரிக்காவ அதோட வழில படிங்க

அமெரிக்காவோட முக்கிய சார்ட்டான பில்போர்ட் ஹாட் 100 வேற மாதிரி. 1958 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுலேர்ந்தே விற்பனையும் ரேடியோவும் சேத்துத்தான் கணக்கு. இங்கிலாந்து சார்ட்ல ரேடியோ எப்பவுமே சேராது. ஆறு நிமிஷ பாட்டுக்கு ரேடியோ கணக்குல சேரற நாட்டுல கஷ்டம்தான், 1976 ஏப்ரல்ல நம்பர் 9 வந்துச்சு. அதுவே நல்ல எடம்தான், "அமெரிக்கால ஓடல"ன்னு சிலர் எழுதறது சும்மா.

1992ல வேய்ன்ஸ் வேர்ல்ட் படத்துல கார்ல தலைய ஆட்டிக்கிட்டு பாடற சீன் வந்ததும் திரும்ப ஏறி நம்பர் 2. மேல க்ரிஸ் க்ராஸ்னு ரெண்டு சின்ன பசங்களோட ஜம்ப். அப்புறம் 2018ல குயீன் பத்தின படம் வந்தப்ப 33ல உள்ள வந்துச்சு. இதுலயும் தேதி விளையாட்டு இருக்கு: சார்ட்டு தேதி நவம்பர் 17, ஸ்ட்ரீமிங்கும் விற்பனையும் எண்ணினது நவம்பர் 2லேர்ந்து 8 வரைக்கும், அமெரிக்கால படம் வந்த மொத வாரம். அந்த 33ங்கற நம்பர் சின்னதா தெரியலாம், பழைய பாட்ட ஹாட் 100ல சுலபமா உள்ள விடமாட்டாங்க, மேல பாதிக்குள்ள வந்தாத்தான் எடம், அந்த விதிய தாண்டித்தான் வந்திருக்கு.

இன்னொரு பழைய விதியும் தெரிஞ்சிருக்கணும். 1998 டிசம்பர் வரைக்கும் கடைல சிங்கிளா விக்காத பாட்டு ஹாட் 100லயே வராது, ரேடியோ பூரா அதுதான் ஓடினாலும். நோ டவுட்டோட டோன்ட் ஸ்பீக், அது அமெரிக்க பேண்ட்தான், இங்கிலாந்துல நம்பர் 1, சொந்த ஊர் ஹாட் 100ல பேரே இல்ல. 90கள் பிரிட்டிஷ் பாட்டு ஏதாவது அமெரிக்கால காணோம்னா மொதல்ல சிங்கிளா வித்தாங்களான்னு பாருங்க.

இப்போதைய கணக்கு

இத சுருக்கமா முடிச்சுடறேன். 2005லேர்ந்து டவுன்லோட் சேருது, 2007 ஜனவரிலேர்ந்து தட்டே இல்லாத பாட்டும் வரலாம், 2014 ஜூலைலேர்ந்து ஸ்ட்ரீமிங், அப்ப 100 ஸ்ட்ரீம் ஒரு விற்பனைக்கு சமம். இப்ப காசு கட்டி கேக்கறவங்க ஸ்ட்ரீமுக்கு ஒரு ரேட், ஓசில கேக்கறவங்களுக்கு கம்மி ரேட். பாட்டு பழசாகி சரியவும் ஆரம்பிச்சுட்டா அதோட ஸ்ட்ரீமோட மதிப்ப பாதியா குறைச்சுடுவாங்க, புதுசுக்கு வழி விடணும்னு. அதனால இன்னைக்கு சார்ட்ல பழைய ராக் பாட்டு 60ல இருக்குன்னா ஜனங்க கேக்கற அளவு நெஜத்துல அத விட ஜாஸ்தி.

பிளாட்டினம் டைமண்ட் எல்லாம் சார்ட் கிடையாது, சான்றிதழ். இங்கிலாந்துல இப்ப சிங்கிளுக்கு 6 லட்சம் யூனிட் பிளாட்டினம், 80கள்ல அதே பேருக்கு 10 லட்சம் வேணும். அமெரிக்கால 10 லட்சம் பிளாட்டினம், ஒரு கோடி டைமண்ட், ஸ்ட்ரீமும் சேத்து. பொஹீமியன் ராப்சடிக்கு 2021ல அந்த டைமண்ட் வந்துச்சு. அத "ஒரு கோடி தட்டு வித்துச்சு"ன்னு மட்டும் எழுதிடாதீங்க. சொந்த ஊர் விற்பனைல 2012ல அஃபிஷியல் சார்ட்ஸ் கம்பெனி போட்ட எல்லா கால லிஸ்ட்ல அது மூணாவது, மேல எல்டன் ஜானோட டயானா அஞ்சலி பாட்டும் பேண்ட் எய்ட்ங்கற பாடகர் கூட்டணியோட பாட்டும், ரெண்டுமே நன்கொடைக்கு வந்தது.

கைய வச்சு பழக ஒரு கேஸ்

இத்தனையும் ஒரே எடத்துல பாக்கணும்னா 1995 ஆகஸ்ட் 14 எடுங்க. அன்னைக்கு பிளர் கன்ட்ரி ஹவுஸும் ஓயாசிஸ் ரோல் வித் இட்டும் ஒரே நாள்ல கடைக்கு வந்துச்சு, டிவி நியூஸ்ல வர்ற அளவுக்கு சண்ட. பிளர் 2,74,000, ஓயாசிஸ் 2,16,000, பிளர் நம்பர் 1. இங்க நிறுத்தாம மேல சொன்ன கேள்வியெல்லாம் கேளுங்க. பிளர் பாட்டு வேற வேற பின்பாட்டோட ரெண்டு சிடியா வந்துச்சு, தீவிர ஃபேன் ரெண்டையும் வாங்குவான், ரெண்டும் ஒரே கணக்குல சேரும். ஹாட் 100ல ரெண்டு பாட்டுக்குமே எடமில்ல. ரெண்டரை மாசம் கழிச்சு அதே ஓயாசிஸ் விட்ட வொண்டர்வால் இங்கிலாந்துல நம்பர் 2லயே நின்னு, 1996ல அமெரிக்கால நம்பர் 8 வரைக்கும் போச்சு. இந்த மூணு சிங்கிளையும் பக்கத்துல பக்கத்துல வாரவாரியா ஒரு ஷீட்ல போடுங்க, தேதிக்கு ஒரு பத்தி, எடத்துக்கு ஒரு பத்தி, மேல இருந்த பாட்டுக்கு ஒரு பத்தி, எந்த சார்ட்டுங்கறதுக்கு ஒரு பத்தி. அதுக்கப்புறம் எழுத உக்காருங்க.